இதைக் கேளேன்!

மார்கழி பிறந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஃபேனை நிறுத்தியாயிற்று. தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

வருஷத்தில் பத்து மாதம் அந்த ஃபேன் ஐந்தாம் நம்பரில் சுற்றும். அதன் கடகட சத்தம் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு மதில்போல நிற்கும். பாதிச் சொல்தான் தாண்டி வரும். மார்கழியில் அந்த மதில் விழுந்துவிடுகிறது. சென்னைக் குளிர் என்ன பெரிய குளிர்? விடியற்காலையில் 21, 22 டிகிரி. அதற்கே ஜன்னல் மூன்றையும் சாத்தி, காதை மூடி மஃப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சும் போட்டுக்கொண்டு, புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். காதை அடைத்துக்கொண்டவருக்குத் தம் குரலே சரியாகக் கேட்பதில்லை. ஆகவே இன்னும் கொஞ்சம் உரக்க:

"இதைக் கேளேன்!"

இந்த இனம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நல்ல வரி ஒன்று கண்ணில் பட்டால் தனியாக விழுங்கத் தெரியாதவர்கள். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும். பொதுவாகத்தான் எழுதுகிறேன், எந்தத் தனி மனிதரையும் மனதில் வைத்துக்கொண்டு அல்ல. மஃப்ளர் பழுப்பு நிறம் என்பதும் பொதுவான தகவல்தான்.

இந்தக் 'கேளேன்' என்பது என்ன வகை வினை என்று முப்பத்தாறு வருஷமாக எனக்குப் பிடிபடவில்லை. "கேட்கிறாயா?" என்றால் "இல்லை" என்று சொல்லிவிடலாம். "கேள்" என்றால் சண்டை போடலாம். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'ஏன்' இருக்கிறதே, அதில் கெஞ்சலும் இருக்கிறது, அதிகாரமும் இருக்கிறது. மறுத்தால் நாம்தான் கல்நெஞ்சுக்காரி.

சரி, கேட்கலாம் என்றால் நேரம் பார்த்தா வருகிறது? குக்கரில் பருப்பு, மூன்று விசில் கணக்கு. இரண்டாவது விசிலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்தான் லா.ச.ரா. வருவார். லா.ச.ரா.வை ஒரு தரம் படித்தால் ஆகாது. முதல் தரம் இவருக்குப் புரியாது, இரண்டாம் தரம் எனக்குப் புரியாது. மூன்றாம் தரம் படித்துவிட்டு "அப்பா!" என்று கண்ணை மூடிக்கொள்வார். அதற்குள் அடித்தது மூன்றா ஐந்தா என்று எனக்குத் தெரியாது. மார்கழியில் தப்பித்துக்கொள்கிறேன், வெண்பொங்கல் குழைந்தால் யாரும் குறை சொல்வதில்லை. மற்ற மாதங்களில் இந்த வீட்டில் கரைந்து போன துவரம்பருப்புக்கெல்லாம் லா.ச.ரா.தான் பொறுப்பு.

தற்காப்புக்கு என்னிடம் உள்ள ஒரே ஆயுதம் மிக்ஸி. தேங்காய் மசிந்த பிறகும் ஓட விடுவேன். ஒன்றும் போடாமல்கூட ஓட்டியிருக்கிறேன். பலன் இல்லை. வரியின் மேல் விரலை வைத்தபடி காத்திருப்பார். சத்தம் நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினால்கூடப் பரவாயில்லை. பத்தியின் தலையிலிருந்து தொடங்குவார்.

என் ஊர் கோவில்பட்டிப் பக்கம். கி.ராஜநாராயணனின் இடைசெவலுக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்வரலாம். இவருக்குச் செங்கல்பட்டு. கி.ரா. படிக்கிற நாள்களில் இவர் எனக்குக் கரிசல் தமிழ் கற்றுக்கொடுப்பார். "வெஞ்சணம்னா என்ன தெரியுமா?" தெரியும், அதைத்தான் தாளித்துக்கொண்டிருக்கிறேன். "கும்பான்னா?" கும்பாவில் கம்மங்கஞ்சி குடித்து வளர்ந்த உடம்பு இது. ஒருநாள் பொறுக்க முடியாமல் இவர் சொன்ன அர்த்தம் ஒன்றைத் திருத்தினேன். எழுந்து போய் அலமாரியிலிருந்து கி.ரா. தொகுத்த வழக்குச் சொல்லகராதியை எடுத்துவந்து, கண்ணாடியை மாட்டி, பக்கம் தேடி, "ஆமா, நீ சொன்னதும் சரிதான்" என்றார். அந்த 'உம்'மைக் கவனித்தீர்களா?

அசோகமித்திரன் படும் பாடுதான் எனக்கு மனசு தாங்காது. குரலை உயர்த்தாமல் எழுதிய மனிதர் அவர். சின்னச் சின்ன வாக்கியம். பெரிய துக்கத்தைக்கூட, பக்கத்துத் தெருவுக்கு வழி சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதை இவர் நாடகக் கொட்டகை ராஜபார்ட் மாதிரி, ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் தலையைச் சிலுப்பிக்கொண்டு படிப்பார். 2019 கோடை ஞாபகம் இருக்கும். பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரியும் கைவிரித்த வருஷம். எங்கள் தெருவுக்கு லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறை, அதுவும் சொல்லாத நேரத்தில் வரும். ஒருநாள் மத்தியானம் ஒன்றேகாலுக்கு வந்தது. வரிசையில் ஒன்பதாவது ஆளாக நின்று பிளாஸ்டிக் குடம் நான்கையும் நிரப்பிவிட்டு, முதல் குடத்தை இடுப்பில் ஏற்றுகிறேன். மாடி பால்கனியிலிருந்து குரல்: "இதைக் கேளேன்! 'தண்ணீர்' நாவல்ல ஜமுனா குடம் தூக்கிட்டு அலையுறதை என்னமா எழுதியிருக்கான் மனுஷன்!" தெருவே நிமிர்ந்து பார்த்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னைத் தண்ணீர்ப் பஞ்சத்தை வைத்து எழுதிய நாவல் அது. முழுப் பத்தியையும் படித்தார். என் இடுப்பில் குடம் இருந்தது. ஒன்று சொல்ல வேண்டும், நன்றாகத்தான் எழுதியிருந்தார் அசோகமித்திரன்.

இவர்களுக்கு வேறு பழக்கங்களும் உண்டு. பக்கத்தின் காதை மடிப்பது, மின்கட்டண ரசீதை அடையாளத்துக்கு வைத்துவிட்டுக் கடைசித் தேதியன்று வீடு முழுக்கத் தேடுவது. அதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை.

மார்கழியில் இது உச்சத்துக்குப் போவதற்கு ஃபேன் மட்டும் காரணமில்லை. ஜனவரியில் புத்தகக் காட்சி வருகிறது. 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியில் இவர் கால் படாத வருஷங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புழுதியைக் குடித்துக்கொண்டு, பத்து சதவிகிதக் கழிவில் மிச்சம் பிடித்த காசுக்கு இன்னும் இரண்டு புத்தகம் வாங்கிக்கொண்டு, இரண்டு கையிலும் பை தொங்க வருவார். போன ஜனவரியில் வாங்கியதை இந்த ஜனவரிக்குள் முடிக்காவிட்டால் புதிதாக வாங்க வாய் வராது என்பது இவருக்கும் எனக்கும் உள்ள ஒப்பந்தம். ஒப்பந்தத்தைப் போட்டவள் நான். ஆகவே மார்கழியில் மூன்று புத்தகம் ஒரே சமயத்தில் ஓடுகிறது, மூன்றிலிருந்தும் வரிகள் வருகின்றன. மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனதற்குச் சம்பளம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் போகிறது. மாப்பிள்ளை ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார். எனக்கு அந்தப் பொத்தான் இல்லை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. எவ்வளவு யோசித்த மனிதர்! வாசகரின் வீட்டில் இருப்பவருடைய நேரத்தைப் பற்றி ஆறாவதாக ஒன்று எழுதாமல் போய்விட்டார்.

அட்டைக்கு அட்டை படிப்பவர் ஆகையால் முன்னுரை, என்னுரை, நன்றியுரை எதையும் விடமாட்டார். நன்றியுரைகளைக் கேட்டுக் கேட்டு அதன் வரிசை எனக்கு மனப்பாடம். முதலில் தொடராக வெளியிட்ட பத்திரிகை ஆசிரியர், பிறகு பதிப்பாளர், பிழைதிருத்தியவர், அட்டைப்படம் வரைந்தவர், இரவெல்லாம் விவாதித்த நண்பர்கள் ஏழெட்டுப் பேர் பெயரோடு. எல்லாரும் போன பிறகு கடைசி வரியில், பெயரில்லாமல், 'என் துணைவியார்'. எழுதும் நேரத்தில் தொந்தரவு செய்யாமல் காபி கொடுத்தவர். இந்த வரி வரும்போது இவர் குரல் தழுதழுக்கும். "பார்த்தியா, பொண்டாட்டியை மறக்காம நன்றி சொல்லியிருக்கான்! எத்தனை பேருக்கு இந்தக் குணம் வரும்?" என்று சொல்லி, காலி டம்ளரை என் பக்கம் நீட்டுவார்.

வீட்டு மனிதர்களுக்குள் நன்றி சொல்லிக்கொள்வது நம் வழக்கமில்லை. திடீரென்று சொன்னால் உடம்புக்கு என்னவோ என்று பயம்தான் வரும். எனக்கு அது வேண்டியதும் இல்லை. டம்ளரைக் கழுவி வைத்தால் போதும்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. என் மாமியார் வீட்டில் 'பொன்னியின் செல்வன்' பைண்டு வால்யூம்கள் இருந்தன. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்ததை வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்தவை. நடுநடுவே பற்பொடி விளம்பரமும் தலைவலித் தைல விளம்பரமும் சேர்ந்தே பைண்டு ஆகியிருக்கும். மாமியாரின் மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. கண்ணும் சரியில்லை. மார்கழி மாதத்து இரவுகளில் ஜன்னலைச் சாத்திவிட்டு, அரிக்கேன் விளக்கடியில் மருமகள் உரக்கப் படிப்பாராம், கிழவி கம்பளிக்குள்ளிருந்து "அப்புறம்?" "அப்புறம்?" என்பாராம். இவர் அந்தக் கம்பளியின் ஓரத்தில் படுத்துக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளை. வாசிப்பு என்றால் ஒருவர் படிப்பது, ஒருவர் கேட்பது என்றுதான் அவர் மனதில் பதிந்திருக்கிறது. இதை என்னிடம் சொன்ன அன்று எனக்குக் கொஞ்சம் இளகிவிட்டது. இரண்டு நாள் மிக்ஸியைத் தொடாமல் அம்மியில் அரைத்தேன்.

ஆனாலும் கிழவிக்கு எழுத்துத் தெரியாது. எனக்குத் தெரியும். இது இவருக்கு இதுவரை தெரியவந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்று, கிழவிக்குக் கதை முழுசாகக் கிடைத்தது. எனக்குக் கிடைப்பது வரிகள். முப்பத்தாறு வருஷத்தில் இருநூறு நாவலாவது என் காதில் விழுந்திருக்கும். ஒன்றுக்காவது முடிவு தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது. ஏனென்றால், நாவலின் கடைசி இருபது பக்கத்தில் இவர் சத்தமே போடுவதில்லை. மூச்சு விடாமல் படிப்பார். முடித்ததும் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். "எப்படி முடிஞ்சுது?" என்று கரண்டியோடு வந்து நிற்பேன். "அதை நான் சொல்லக் கூடாது. நீயே படிச்சாத்தான் ருசி" என்பார்.

எப்போது படிப்பது? காலை ஐந்து மணிக்குப் பால் பாக்கெட் எடுக்கும்போதா, வாசலில் கோலம் போடும்போதா, ராத்திரி பத்தரைக்கு மேடையைத் துடைத்து கேஸ் மூடின பிறகா? மத்தியானம் மூன்று மணிக்கு அரை மணி கிடைக்கும். எடுத்து உட்கார்ந்தால் பின்னாலேயே வந்து நிற்பார். "எத்தனையாவது பக்கம்? அந்த இடம் வந்துடுச்சா? இன்னும் வரலையா? அதுல ஒரு வரி வரும் பாரு..." என்று அந்த வரியை அவரே சொல்லிவிடுவார். புத்தகத்தை மூடிவிட்டு அரிசி களையப் போய்விடுவேன்.

போன வாரம் மஃப்ளரையும் மீறிப் பனி உள்ளே போய்த் தொண்டை கட்டிக்கொண்டது. மூன்று நாள் வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். அவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன். முதல் நாள் பத்து மணி வரைக்கும் வீடு கோயில் மாதிரி இருந்தது. அப்புறம் அடுப்படி வாசலில் நிழல் ஆடியது. மஃப்ளர், கையில் விரித்த புத்தகம், வரியின் மேல் விரல். பேச முடியாதே, அதனால் நேரே கொண்டுவந்து என் மூக்குக்கு முன்னால் பிடித்தார். என் இரண்டு கையிலும் அரிசிமாவு. இட்லிப் பானையைத் திறந்த ஆவியில் மூக்குக்கண்ணாடி வேறு மூடிக்கொண்டது. தோளில் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். 'தண்ணீர்'. ஜமுனா.

விரல் வைத்த வரியைப் படித்தேன். அடுத்த வரியையும் படித்தேன். புத்தகத்தை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"இருங்க" என்றேன்.

பக்கத்தின் அடிக்கு வந்துவிட்டேன். கையில் மாவு.

"திருப்புங்க."

திருப்பினார். சாமி புறப்பாட்டில் தீவட்டி பிடிப்பவர்போல அசையாமல் நின்றார். நல்ல வரி வருகிற இடங்களில் புருவம் மட்டும் மேலே போகும்; அவரால் ஆனது அவ்வளவுதான். நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். சாம்பார் கொதித்துச் சுண்டிப் பாதியாயிற்று. மறுநாளும் நின்றார், மூன்றாம் நாளும். கால் வலித்திருக்கும். முக்காலியை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்து பிடித்தார்.

இன்று காலை தொண்டை திறந்துவிட்டது. ஐந்தரைக்கே கூடத்தில் அலமாரியைக் குடைகிற சத்தம். தலையணைக்கு அடியில், பேப்பர் கட்டுக்கு நடுவில், சோபா இடுக்கில் எல்லாம் தேடியாகிவிட்டது. புத்தகம் அடுப்படியில் அரிசிமாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. இன்னும் முப்பது பக்கம் பாக்கி.

"ஏம்மா, 'தண்ணீர்' எங்கே?"

"குடத்துல இருக்குங்க. மொண்டு குடிங்க."