எல்லை தாண்டிய கழிவுநீர்

அனுப்புநர்:
சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம் மூன்றிலும் பாக்கி வைக்காத ஒரு வீட்டுக்காரன்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள், எங்கள் ஊர் நகராட்சி.

பொருள்: வீட்டுச் சேம்பருக்கும் தெரு மேன்ஹோலுக்கும் இடைப்பட்ட ஆறடிக் குழாய்க்குப் பட்டா கோருதல் தொடர்பாக.

பார்வை: “அது உங்க லைன் சார்” எனத் தங்கள் அலுவலர் வாய்மொழியாகப் பிறப்பித்த ஆணை.

ஐயா,

எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்ததில் நாங்கள் அடைந்த ஆனந்தத்தை முதற்கண் பதிவு செய்கிறேன். தெருவை வெட்டினீர்கள், குழாய் பதித்தீர்கள், மூடினீர்கள். மூடிய இடம் முதல் மழையிலேயே உள்வாங்கி, தண்ணீர் லாரியின் பின்சக்கரம் அதில் மாட்டிக்கொள்ள, தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. வைப்புத்தொகை கேட்டீர்கள், கட்டினோம். செப்டிக் டேங்கை மண் கொட்டி மூடினோம். இனி நம் கழிவு அரசாங்கத்தின் பாடு என்று நிம்மதியாகத் தூங்கினோம்.

இப்போது அடைப்பு. அடுக்களையில் கழுவி ஊற்றிய ரசத்தின் கறிவேப்பிலை குளியலறைச் சல்லடை வழியே மிதந்து வருகிறது. பிளம்பர் கடப்பாரையால் சேம்பர் மூடியை நெம்பினார், விளிம்புவரை நிற்கிறது. தெரு மேன்ஹோலைத் திறந்தார். அடியில் சீராக ஓடுகிறது. இரண்டும் நிரம்பியிருந்தால் அடைப்பு தெரு மெயினில் என்றார். சேம்பர் காலியாக இருந்தும் குளியலறையில் தேங்கினால் வீட்டுக்குள். சேம்பர் நிரம்பி மேன்ஹோல் ஓடினால் நடுவில். அவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். அந்த நடு யாருடையது என்று கண்டுபிடிக்கத்தான் தங்கள் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருக்கிறேன்.

குழாய் என்னுடையது என்கிறீர்கள். சரி. அது கிடப்பது தங்கள் தெருவுக்கு அடியில். தோண்டுவதற்கு ரோடு கட்டிங் அனுமதி வேண்டும். அதற்கும் தங்களிடமே விண்ணப்பித்து, தங்களிடமே பணம் கட்ட வேண்டும். ஆக மண் உங்களுடையது, குழாய் என்னுடையது. உள்ளே நிற்பதற்கு மட்டும் யாரும் உரிமை கொண்டாடக் காணோம். எனவேதான் பட்டா கேட்கிறேன். நீளம் ஆறு அடி, விட்டம் நான்கு அங்குலம். செக்குபந்தி: கிழக்கே என் காம்பவுண்டுச் சுவர், மேற்கே தங்கள் மேன்ஹோல், மேலே தங்கள் தார், கீழே பாதாளம். வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, அடமானம் வைத்தாவது அடைப்பை நீக்கிக்கொள்வேன்.

இந்தத் தகராறு நமக்கு மட்டும் உரியதல்ல என்பது தங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 அக்டோபர் 1 அன்று, வீட்டு எல்லைக்கு வெளியே போகும் குழாய்களையும் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் குழாய்களையும் பெருமளவில் கழிவுநீர் நிறுவனங்களின் பொறுப்பில் தள்ளிவிட்டார்கள். “உங்க லைன்” என்று சொல்லும் பிறப்புரிமையை ஒரே நாளில் இழந்த அந்நாட்டு அலுவலர்களை எண்ணிப் பரிதாபப்படுகிறேன். அமெரிக்காவில் பல நகரங்களில் தலைகீழ். மெயினோடு சேரும் இடம்வரை, தெருவுக்கு அடியில் கிடந்தாலும், வீட்டுக்காரன் தலையில்தான். அதற்குத் தனியாக இன்சூரன்ஸ்கூட விற்கிறார்கள். இதைத் தங்களிடம் சொல்லியிருக்கக் கூடாதோ?

எங்கள் தெருக்காரர்களின் பங்களிப்பையும் மறைக்க மாட்டேன். வடைச் சட்டி எண்ணெயைச் சுடச்சுடத் தொட்டியில் ஊற்றுகிறோம். அது குழாய்க்குள் ஆறி, சுவரில் மெழுகாய்ப் படிகிறது. நாப்கின் தண்ணீரைக் குடித்து உப்பி உட்கார்ந்துகொள்கிறது. மாடி வீட்டுக்காரர் மொட்டைமாடி மழைநீர்க் குழாயைச் சேம்பருக்குள்ளேயே விட்டிருக்கிறார். வீட்டுக்கு வரும் குடிநீரில் சுமார் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்ற கணக்கில் அளவெடுத்த குழாய் அது. ஐப்பசி மழைக்கு அதில் இடம் ஒதுக்கவில்லை. மழை வலுத்தால் தாழ்வான வீட்டில் இருப்பவர் கட்டிலில் ஏறி உட்கார வேண்டியதுதான். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகி 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறதே என்று கேட்டேன். சேகரிப்புத் தொட்டி வரைபடத்தில் இருக்கிறதாம். தாங்கள் ஒப்புதல் முத்திரை குத்திய வரைபடத்தில்.

தங்கள் வளாகத்தில் ஜெட் ராட்டிங் வண்டி நிற்கிறது. ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனம் இன்னும் உதிரவில்லை. அது மெயினுக்கு மட்டும்தான் வரும் என்றார்கள். அதன் நாசில் பின்புறமாகத் தண்ணீரைப் பீச்சி, கீழ் மேன்ஹோலிலிருந்து மேல்நோக்கி ஏறுவதற்கென்றே செய்தது. மேன்ஹோலிலிருந்து ஆறடி ஏறினால் என் சேம்பர். ஆனால் அந்த ஆறடியில் எல்லை மீறல் ஆகிவிடும் என்ற தங்கள் கவலை புரிகிறது.

வண்டிக்குப் பதிலாகத் தங்கள் அலுவலர் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார்: “ஆள் இருக்கான் சார். ஏதாவது கொடுத்தா மேன்ஹோல்ல இறங்கி, குச்சி போட்டுத் தள்ளிடுவான்.” பாதுகாப்புக் கருவி எதுவுமின்றி ஒருவரைச் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நகராட்சி, ஒப்பந்ததாரர், வீட்டுக்காரன் என்று அது யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை. இறந்தால் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய 10 லட்சத்தை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக்கியது. அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு செறிவு கூடினால் மூக்கையே மரக்கச் செய்துவிடும். வாடை இல்லையே என்று மனிதர் இன்னொரு படி இறங்குவார். அந்தப் படி யாருடைய லைன் என்று தங்கள் அலுவலரிடம் கேட்டேன். டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆகவே பட்டா, அல்லது வண்டி. இரண்டில் எது சுலபமோ அதை அருளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆறடி நிலக்கிழார்

பி.கு.: மனுவை எழுதி முடிப்பதற்குள் ஒரு நற்செய்தி. இன்று காலை முதல் மேன்ஹோலும் பொங்குகிறது. பிளம்பர் கணக்கின்படி அடைப்பு தங்கள் எல்லைக்குள் வந்துவிட்டது. ஓடோடி வந்து சொன்னேன். “மெயினா? ஸ்கீமே இன்னும் எங்களுக்கு ஹேண்ட் ஓவர் ஆகலையே சார், கான்ட்ராக்டரைக் கேளுங்க” என்றார்கள். மாதக் கட்டண ரசீதுகளை இணைத்துள்ளேன். முத்திரை தங்களுடையது.