பஸ் எத்தனை மணிக்கு வரும்?

பெறுநர்:
தலைவர், துணைத்தலைவர்கள் ஐவர், பொருளாளர் மற்றும் செயற்குழுவினர்,
எங்கள் பையன் படிக்கும் ஹைஸ்கூலின் பேண்ட் பூஸ்டர் கிளப்,
டல்லாஸுக்கு வடக்கே, டெக்சாஸ்.

பொருள்: கிளப் இணையதளத்தில் என்ன போடுவது என்பது தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

"இங்கே யாருக்காவது கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று, பேண்ட் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் பணம் திரட்டும் நம் கிளப்பின் மே மாதக் கூட்டத்தில் தாங்கள் கேட்டதும், அறையிலிருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. நான் பார்ப்பது டேட்டாபேஸ் வேலை, இணையதளம் கட்டத் தெரியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கைதட்டி முடித்துவிட்டீர்கள். "பீட்சா திங்கத் திறந்த வாயை முடியாதுன்னு சொல்லவும் திறந்திருக்கலாம்ல" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயம்தான்.

தாங்கள் அனுப்பிய திட்டத்தில் பன்மொழிப் பக்கத்துக்கு "உங்கள் மொழியில் நாலு பத்தி" கேட்டிருந்தீர்கள். அந்த நாலு பத்தி இதுதான். தங்களால் இதைப் படிக்க முடியாது என்பதில் எனக்கு ஒரு வசதி இருக்கிறது.

தங்கள் திட்டப்படி முகப்பில் தலைவர் உரை, படத்துடன். அதன் கீழே பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று நகைக்கடை போல ஸ்பான்சர்கள். பிறகு டி-ஷர்ட் கடை. எந்தப் பக்கம் போனாலும் கூடவே வரும் நன்கொடைப் பொத்தான். பேஷ்.

தங்க ஸ்பான்சரான பல் டாக்டருக்கு 'நகரிலேயே மிகச் சிறந்தவர், முதல் எக்ஸ்ரே இலவசம்' என்று போடச் சொல்கிறீர்கள். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் டியூப்லைட்டில் மளிகைக்கடை அண்ணாச்சி பெயர் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். அவர்கூட அதில் நல்லெண்ணெய் விலையை எழுதியதில்லை. இந்த நாட்டு வரித்துறையான ஐஆர்எஸ்ஸும் கிட்டத்தட்ட அந்தக் கோயில் தர்மகர்த்தா மாதிரிதான். பெயர் போடலாம், லோகோ போடலாம், நன்றி சொல்லலாம். 'மிகச் சிறந்த' என்றோ விலை, தள்ளுபடி என்றோ சேர்த்தால் அது விளம்பரம்; அந்த வருமானத்துக்கு வரி கேட்டு வரலாம்.

அடுத்தது 'என் பிள்ளை கணக்கு' என்ற பக்கம். யார் எத்தனை டப்பா குக்கீ மாவு விற்றாரோ, அந்த லாபம் அவர் பிள்ளையின் பேண்ட் கட்டணத்தில் மட்டும் கழியுமாம். இது நன்கொடை இல்லை, மொய் நோட்டு. வர்ஜீனியாவில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப், விற்ற பெற்றோருக்குப் புள்ளி போட்டு இதையேதான் செய்தது. ஐஆர்எஸ் அதன் வரிவிலக்கைப் பறித்தது. அது சரிதான் என்று 2013இல் வரி நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. சட்டம் கிடக்கட்டும். இரவு ஷிப்டுக்குப் போகும் அம்மா யாரிடம் போய் குக்கீ மாவு விற்பார்? அவர் மகளும்தான் கிளாரினெட் வாசிக்கிறாள்.

'வெளிப்படைத்தன்மை' என்றும் ஒரு பக்கம் இருக்கிறது. உள்ளடக்கம்: 'விரைவில்'. வரிவிலக்குப் பெற்ற கிளப்பின் ஆண்டுக் கணக்குப் படிவம் ஊரார் பார்ப்பதற்குத்தான் என்பதால், அங்கே அதையே ஏற்றிவிட உத்தேசம்.

இத்தனையும் இருக்கிற திட்டத்தில் இல்லாதது ஒன்றைச் சொல்கிறேன். போன அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, வெளியூர் ஃபுட்பால் ஆட்டம். ஹாஃப்டைமில் வாசித்த பிள்ளைகள் 11 மணிக்குத் திரும்பிவிடுவார்கள் என்று ஒரு ஆப்பில் செய்தி வந்தது. இல்லை, தாமதமாகும் என்று இன்னொரு ஆப்பில் வந்திருக்கிறது; அது என் போனில் இல்லை. பார்க்கிங்கில் விளக்கை அணைத்துவிட்டு வரிசையாகக் கார்கள். ஒரு மெக்சிகன் தாத்தா என் கண்ணாடியைத் தட்டி, "பஸ்?" என்றார். கையை விரித்தேன். அவர் அடுத்த காருக்குப் போனார். அங்கேயும் இரண்டு கைகள் விரிந்தன. வரிசை முடியும்வரை தட்டிக்கொண்டே போனார். 12.50க்கு பஸ் வந்தது. வந்தால் மட்டும் போதுமா? தோளைச் சுற்றிக் கிடக்கும் பித்தளை மலைப்பாம்பான சூசஃபோனை டிரெய்லரிலிருந்து இறக்கி வைக்காமல் என் பையன் வரமாட்டான்.

ஆகவே முகப்பின் உச்சியில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி போடுகிறேன்: பஸ் வரும் நேரம். அதற்குக் கீழே, நாளைக்கு யூனிஃபார்முக்குக் கறுப்பு சாக்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பது. காலை ஆறு மணிக்கு என் ஆபீஸ் சாக்ஸ் காணாமல் போவது, இது முன்கூட்டியே தெரியாததால்தான்.

தலைவர் உரையை நீக்கவில்லை. அது ரொம்ப நீளம் என்பதால் பஸ் நேரத்துக்கு நேர் கீழே வைத்திருக்கிறேன், பார்க்கிங்கில் காத்திருப்பவர்கள் படிக்கட்டும்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் தெரிந்தவர்

பி.கு.: வரும் வெள்ளி ஆட்டத்தில் தின்பண்டம் விற்கும் கன்செஷன் ஸ்டாண்டிலும் என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். ஃப்ரிட்டோ பை என்பது சிப்ஸ் பாக்கெட்டைக் கத்தரித்து, மிக்சரில் குழம்பு ஊற்றுவதுபோல சில்லியை ஊற்றித் தருவதுதானே? அதற்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டாமே.