தடை நீங்கியது தெரியாத சைக்கிள்

கேள்வி: அப்பாவின் பழைய ஹொண்டா சி 90 மோட்டார் சைக்கிள் சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. இப்போது பெற்றோல் ஊற்றியும் இழுவை இல்லை. சூடாகிறது, சைலன்சர் வெடிக்கிறது. அப்பாவோ கைவைக்க விடுகிறாரில்லை. என்ன செய்யலாம்?

– ஒரு வாசகர், பரந்தன்

பதில்: பொருளாதாரத் தடை நீங்கிய செய்தி உங்கள் சைக்கிளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை! 1990களில் அந்தத் தடையால் வன்னியில் பெற்றோல் அருமருந்து. காபரேற்றருக்குச் சில சொட்டுக் காட்டி ஸ்டார்ட் செய்து, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடினார்கள். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு. வழக்கமான நேரத்தில் பொறி விழுந்தால் என்ஜின் 'நொக்' அடிக்கும். டைமிங்கைப் பிந்த வைத்தால் அது குறையும். உங்கள் சைக்கிளில் அந்தப் பிந்தல் அப்படியே கிடக்கலாம்.

முதலில், திறக்கும்போது பொறியை விழவைக்கும் பொயின்றின் முகத்தைச் சுத்தம் செய்து, அது முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீற்றருக்குள் வையுங்கள். டைமிங் அதற்குப் பிறகுதான். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். பொயின்றுக்கு நடுவே சிகரெட் பெட்டியின் மெல்லிய கண்ணாடித் தாளைச் செருகி, அதை இலேசாக இழுத்தபடி பிளைவீலை என்ஜின் சுற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். பிளைவீலின் 'எஃப்' கோடு என்ஜின் கோட்டுக்கு நேரே வரும் கணத்தில் தாள் நழுவ வேண்டும். பிந்தி நழுவினால் பொயின்ற் தட்டின் ஸ்குரூவைத் தளர்த்திச் சற்றுத் திருப்புங்கள். 'ரி' கோட்டை நம்பாதீர்கள். அது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்.

பிறகும் வெடித்தால் கண்டென்சரை மாற்றுங்கள்.

முதல் ஓட்டம் அப்பாவுக்கு. "நான் அப்பவே சரியாத்தான் வைச்சிருந்தனான்" என்பார். தலையை ஆட்டுங்கள்; பெற்றோல் காசு அவர்தானே தருகிறார்!