கரண்டிவாயனும் காப்லின் சுறாவும்

கே: காப்லின் சுறாவின் மூக்கும் கரண்டிவாயன் பறவையின் அலகும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றனவே. இரண்டும் உறவா? (மதுராந்தகம்)

ப: இரண்டுக்கும் முதுகெலும்பு உண்டு, உறவு அதோடு சரி. பறவை நீட்டுவது வாயை. சுறா நீட்டுவது மூக்கை. வாய் அதற்குக் கீழே இருக்கிறது. ஆனால் இரண்டின் வேலையும் ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியாத இரையைத் தேடுவது.

கே: கண் உதவாத இடத்தில் எப்படிப் பிடிக்கும்? (காரைக்கால்)

ப: கரண்டிவாயன் அலகை லேசாகத் திறந்து தண்ணீருக்குள் விட்டு, கதிர் அறுப்பவர் அரிவாள் வீசுவதுபோல் இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். அலகு நுனியில் தொடு உணர்வு அதிகம். குட்டி மீன் பட்டால் போதும், அலகு மூடிக்கொள்ளும். கலங்கல் நீரும் இரவும் அதற்குத் தடையே இல்லை. சுறாவோ தொடக்கூட வேண்டாம் என்கிறது. அதன் மூக்கில் நிறைந்திருக்கும் நுண்துளைகள், உயிருள்ள உடலிலிருந்து கசியும் மெல்லிய மின்சாரத்தையே உணர்ந்துவிடும்.

கே: வேகத்தில் யார் கெட்டி? (தூத்துக்குடி)

ப: காப்லின் சுறாவின் உடல் தொளதொளவென்றிருக்கும், துரத்திப் பிடிக்க லாயக்கில்லை. அதனால் தாடையை மட்டும் முன்னால் எறிகிறது. ஜப்பானில் படம்பிடித்த காட்சிகளை ஆராய்ந்து, ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் கசுஹிரோ நகாயா குழுவினர் 2016-இல் கணக்குச் சொன்னார்கள்: விநாடிக்கு 3.1 மீட்டர் வேகம். மூன்று மீட்டர் சுறா என்றால் தாடை கால் மீட்டருக்கும் மேல் வெளியே பாய்கிறது! சுறா இனத்தில் இதற்கு ஈடாக இன்னொரு தாடையை யாரும் அளந்ததில்லை. நீரில் நடக்கும் பறவைகளின் தரப்பில் நான் நிறுத்துவது, கரண்டிவாயனைப் போலவே தொடு உணர்வால் இரை பிடிக்கும் அமெரிக்காவின் மர நாரையை. மீன் பட்டதும் அதன் அலகு மூட ஆகும் நேரம் 25 மில்லி விநாடி; நாம் ஒருமுறை இமைத்து முடிப்பதற்குள் மீன் பிடிபட்டுவிடும். என் ஓட்டு நாரைக்கே.

கே: நேருக்கு நேர் மோதினால்? (நாகர்கோவில்)

ப: பறவைக்குக் கால் நனையும் ஆழம் போதும். சுறா வாழ்வது பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குக் கீழே. யார் வீட்டுக்கு யார் போனாலும், போனவருக்குத்தான் தோல்வி.

கே: கரண்டிவாயனை எங்கே பார்க்கலாம்? (சேலம்)

ப: சீசனில் வேடந்தாங்கலுக்குப் போங்கள். ஆனால் அங்கே இருப்பது கூடு. சாப்பாடு சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும். கால் எட்டாத ஆழத்தில் அதனால் இரை தேட முடியாது. உங்கள் ஊர் ஏரியைத் தூர்வாரும்போது, கரையோரத்தைச் செங்குத்தாக வெட்டிவிடாமல் சரிவாக விடச் சொல்லுங்கள்.