முழங்கால் மடக்கும் எண்ணெய்

மார்கழி பிறந்தால் தெருவில் கோலம் பெரிதாகும். எங்கள் வீட்டில் என் மரியாதை சிறிதாகும். எல்லாம் தேங்காய் எண்ணெயால். விடிகாலைக் குளிரில் அது வெள்ளை வெளேரென்று உறைந்து, வாய் குறுகிய பாட்டிலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுவது குடும்பத் தலைவனின் கடமை. தட்டத் தட்ட என் தோள்பட்டைதான் இறங்குகிறது, எண்ணெய் இறங்குவதில்லை.

“பக்கத்துல நல்லெண்ணெய் மட்டும் ஏம்ப்பா உறையல?” என்றாள் மகள், தலையை விரித்துப் போட்டபடி.

கெமிஸ்ட்ரி படித்தவனிடம், அதுவும் பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில், இப்படிக் கேட்கலாமா? பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

இரண்டு எண்ணெயும் ஒரே சாதிதான். கிளிசரால் ஒன்று, அதில் தொங்கும் கொழுப்பு அமிலங்கள் மூன்று. அமிலம் என்பது நீளமான கார்பன் சங்கிலி. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நேரான சங்கிலி. நல்லெண்ணெயில் பெரும்பாலானவற்றின் நடுவே இரட்டைப் பிணைப்பு உண்டு. அந்த இடத்தில் சங்கிலி மடங்கிவிடும். கல்யாண வீட்டில் பாய் விரித்து வரிசையாகப் படுத்திருக்கும் உறவினர்களை நினைத்துக்கொள். எல்லாரும் நேராகப் படுத்தால் ஒரு கூடத்தில் ஊரே அடங்கும். ஒருவர் முழங்காலை மடக்கினால் போதும், அந்த வரிசையே கலைந்தது.

“அது நீங்கதான்” என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

நெருங்கிப் படுத்த சங்கிலிகளுக்குள் மெல்லிய ஈர்ப்பு உண்டு. நீளம் முழுக்கச் சேர்ந்தால் அதுவே பெரிய பிடிப்பு. ஸ்டியரிக் அமிலத்துக்கும் ஓலியிக் அமிலத்துக்கும் ஆளுக்கு 18 கார்பன். இரண்டாவதில் இரட்டைப் பிணைப்பு ஒன்றே ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு குறைவு. முதலாவது 69 டிகிரி செல்சியஸில் உருகும். இரண்டாவது சுமார் 13 டிகிரியிலேயே உருகிவிடும்.

“அப்போ தேங்காய் எண்ணெய் ஏன் 69 வரைக்கும் தாங்கல? வெயில் வந்தா உருகிடுதே?”

நல்ல கேள்வி. பெருமையில் எனக்குக் கண் கலங்கியது. அதில் பாதிக்குப் பாதி லாரிக் அமிலம். வெறும் 12 கார்பன். ஆள் குட்டை, பிடிப்பும் குறைவு. அதனால்தான் எண்ணெய் 24 டிகிரி வாக்கில்... என்று நிமிர்ந்தபோது கூடத்தில் யாருமில்லை. மனைவி பாட்டிலைச் சுடுதண்ணீர்ச் சொம்பில் நிறுத்தி, எண்ணெய் தடவி, இரட்டைச் சடை பின்னி, மகளை வேனில் ஏற்றியும் விட்டிருந்தாள்.

மிச்சமிருந்தது அம்மா. எழுந்து போக முடியாத மூட்டுவலிக்காரி. விடுவேனா?

“மடங்கினதை நிமிர்த்தினா என்ன ஆகும் தெரியுமாம்மா? வனஸ்பதி!” ஜெர்மானியர் வில்ஹெல்ம் நார்மன் திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டியாக்கும் முறைக்கு 1902இல் காப்புரிமை பெற்றார். நிக்கல் முன்னிலையில் ஹைட்ரஜன் போய் இரட்டைப் பிணைப்புகளை நிரப்பும். நிரம்பாமல் தப்பிய சில, பக்கம் மாறித் திரும்பிக்கொள்ளும். பிணைப்பு அப்படியே இருக்கும், சங்கிலி மட்டும் கிட்டத்தட்ட நேராகிவிடும். அதே ஓலியிக் அமிலம் இப்படித் திரும்பினால் உருகுநிலை 45 டிகிரி. டிரான்ஸ் கொழுப்பு என்று டாக்டர்கள் மிரட்டுவது இதைத்தான். கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதை இறக்கும். 2022 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் எண்ணெய், கொழுப்புகளில் இது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அம்மா நெடுநேரம் யோசித்தாள்.

“வனஸ்பதி டின்னுலதாண்டா உங்கப்பா துளசி வச்சார்” என்றாள். “நல்லாத்தான் தழைச்சுது.”