இரண்டு விரற்கடை கேஜ்

ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள் என்று யாராவது கேட்டால், “ரயில் ஓட்டுவேன்” என்பேன். பக்கத்தில் என் மனைவி இருந்தால் உடனே திருத்துவாள்: “ஓட்டறதாவது! ரயில் பின்னாடி ஓடுவார்.”

தென் லண்டன் குராய்டனில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாற்பதடித் தோட்டம். அதைச் சுற்றி 32 மில்லிமீட்டர் அகலத்தில் தண்டவாளம் போட்டிருக்கிறேன். நிஜத்தின் ஒரு அடியை 16 மில்லிமீட்டராகச் சுருக்குவது இங்கே தோட்ட ரயில்காரர்கள் பலர் வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் என் பாதை இரண்டடிப் பாதை. வேல்ஸ் மலைகளில் கற்பலகை ஏற்றி வந்த ஃபெஸ்டினியோக் பாதையும் கிட்டத்தட்ட அந்த அகலம்தான். 1863-லேயே அங்கே நீராவி வந்துவிட்டது. என் இன்ஜினும் அந்த வம்சம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். ஸ்விட்சைத் தட்டினால் கிளம்பும் ஜாதியில்லை. உள்ளே நிஜ பாய்லர், நிஜத் தீ, நிஜ நீராவி.

அதைக் கிளப்புவது கல்யாண மாப்பிள்ளையைக் கிளப்புவது மாதிரி. முதலில் எண்ணெய், அடுத்து தண்ணீர், கடைசியில் காஸ். லண்டன் குழாய்த் தண்ணீர் ஆகாது. எங்கள் கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்தால் சுண்ணாம்புக் காளவாய் மாதிரி இருக்கும். அது பாய்லருக்குள் படிந்தால் கதை முடிந்தது. ஊரில் கார் பேட்டரிக்கு ஊற்றுவோமே, அந்தத் தண்ணீர்தான் வேண்டும். காஸ் என்பது சிகரெட் லைட்டரில் அடைக்கும் பியூட்டேன். குளிர் பூஜ்யம் டிகிரியை நெருங்கினால் அது ஆவியாக மறுத்து முறைத்துக்கொள்ளும். குளிர்கால ஞாயிறுகளில் ஆறிப்போன இட்லியைக்கூடச் சுடவைக்காத நான், காஸ் தொட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

போன கோடையில் மாமனார் மூன்று மாதம் வந்து தங்கினார். திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்தவர். நீராவி இன்ஜின்களைப் பிரித்து மேய்ந்த கை. அவர் முன்னால் இதை ஓட்டிக் காட்டுவது, வித்வான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவது மாதிரி.

மூட்டுவலிக்காகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். உட்கார்ந்தவர் குனிந்து, தண்டவாளத்தின் மேல் இரண்டு விரலை வைத்து அளந்தார்.

“மீட்டர் கேஜ் பார்த்திருக்கேன், பிராட் கேஜ் பார்த்திருக்கேன். இது ரெண்டு விரக்கடை கேஜ், மாப்ளே.”

புகைபோக்கியில் லைட்டரைக் காட்டி காஸைத் திறந்தேன். ‘பொக்’ என்று தீ உள்ளே தாவியது. ஏழெட்டு நிமிஷத்தில் பிரஷர் முள் ஏறி சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டைத் தொட்டது; சேஃப்டி வால்வு சீறியது. கம்பீரமாக, நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டர் மேல் கை வைத்தேன். மாமனார் சத்தம் காட்டாமல் எழுந்து, நாற்காலியையும் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தார். எனக்கு ஏனென்று புரியவில்லை.

புரிவதற்கு ஒரு விநாடிதான் ஆயிற்று. குளிர்ந்த சிலிண்டருக்குள் நுழையும் முதல் நீராவி தண்ணீராகிவிடும். பெரிய இன்ஜினில் அதை வெளியேற்றத் தனி வால்வு உண்டு. என் இன்ஜினுக்குப் புகைபோக்கி ஒன்றுதான் போக்கிடம். எண்ணெயும் வெந்நீரும் கலந்து என் வெள்ளைச் சட்டையில் சந்தனம் தெளித்தது.

“ட்ரெயின் காக் இல்லையோ?” என்றார் தூரத்திலிருந்து, மிகுந்த மரியாதையுடன்.

வண்டி கிளம்பியது. வேலியோரம் லேசான ஏற்றம். அங்கே முக்கி முனகி ஏறியது. இறக்கத்தில் என்னை மறந்துவிட்டது. ரிமோட் வாங்க வீட்டில் நிதி ஒதுக்கீடு இல்லாததால், ஒற்றைக் கையுறையோடு பின்னாலேயே ஓடி ரெகுலேட்டரைக் குறைத்தேன். மறுபடி ஏற்றம், மறுபடி திறக்க ஓடினேன். ஓடில்லாத நத்தை ஒன்று ராத்திரி தண்டவாளத்தில் நடந்து போயிருந்த இடத்தில் சக்கரம் வழுக்கிச் சுழன்றது. நானும் வழுக்கினேன், ஆனால் அது நத்தையால் அல்ல. நேர்பாதையில் பக்கத்து வீட்டுப் பூனை லெவல் கிராசிங் கேட் மாதிரி படுத்திருந்தது.

ஹைட்ரேஞ்சியாச் செடிக்குப் பின்னால் காஸ் தீர்ந்து நின்றது. பாய்லரில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருக்கும்போதே காஸ் தீரும்படிதான் அளவு வைத்திருக்கிறார்கள். வெறும் பாத்திரம் அடுப்பில் இருக்கலாகாதே. என் உடம்பை அப்படி யாரும் வடிவமைக்கவில்லை. புல்லில் மல்லாந்து கிடந்தேன்.

மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “முஸ்தீபு ஒன்னேகால் மணி நேரம். ஓட்டம் இருபது நிமிஷம்.” அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இன்ஜினில் இருக்கும் எண்ணெய்க் குப்பியை மட்டும் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் நகரும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. நீராவி உள்ளே போய்க் குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும். மேலே எழும்பும் எண்ணெய் சொட்டுச் சொட்டாக சிலிண்டருக்குப் போகும். “சொக்கத் தங்கம்” என்றார். என்னைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தால், வேட்டிக்கு மேல் ஸ்வெட்டரோடு மாமனார் தோட்டத்தில் இருக்கிறார். தரையில் உட்கார மாட்டேன் என்றவர் தரையில் சம்மணம் போட்டிருக்கிறார். என் சிரிஞ்சால் எண்ணெய்க் குப்பியின் அடியில் தேங்கிய தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, என் பனியன் ஒன்றால் சக்கரம் சக்கரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய பனியன்கூட இல்லை.

போய் நின்றேன்.

“புது எண்ணெய் விட்டாச்சு, தண்ணி விட்டாச்சு. காஸை அடைச்சு நெருப்பு வைங்க மாப்ளே. இன்னிக்கு நான்தான் டிரைவர்.”

“அப்போ நான் மாமா?”

“நீங்க ஓடுங்க.”