மாணவர் பேரவை வேட்பாளர் இலக்கணம்: கோவளத்தை முன்வைத்து

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலையில் கல்லூரிப் பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் எவன் இந்த ஆண்டு பேரவைத் தேர்தலில் நிற்கப்போகிறான் என்பதை, அவன் வேட்புமனு வாங்கும் முன்பே கண்டறிய முடியும் என்பது இவ்வாய்வின் கருதுகோள். சட்டை இஸ்திரி போட்டிருக்கும். நேற்றுவரை முதலாண்டுப் பையனை ஏறெடுத்தும் பார்க்காதவன், இன்று தோளில் கைபோட்டு "என்ன தம்பி, சாப்டியா?" என்பான். இவை துணைச் சான்றுகளே. ஜன்னலோர சீட்டை அவனே எழுந்து விட்டுக்கொடுத்தால் ஐயமே வேண்டாம். தேர்தல் காலத்துக்கு வெளியே அப்படியொரு சம்பவம் நடந்ததாகத் தரவு இல்லை.

கோவளத்து வேட்பாளனுக்குப் பிற ஊர்க்காரனுக்கு இல்லாத இயற்கை வசதிகள் உண்டு. வாக்கு வேட்டைக்கு முன் ஆசி வாங்க அவன் எங்கும் அலைய வேண்டியதில்லை. தமீமுல் அன்சாரி தர்காவும் கார்மேல் அன்னை ஆலயமும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. மூன்று மத வாக்காளரையும் மனத்தில் வைத்து ஊர்க் கோயிலில் ஒரு சூடத்தையும் ஏற்றிவிடுவான். இரண்டாவது வசதி குரல். படகு கரையேறியதும் மணலில் மீனைக் கொட்டி ஏலம் விடுவார்களே, அந்தச் சத்தத்தில் வளர்ந்தவன் அவன். கடல் இரைச்சலையும் பேரம் பேசுகிறவர்களின் இரைச்சலையும் தாண்டி 'எண்ணூறு... எண்ணூத்தம்பது...' என்று கேட்கப் பழகிய காதும் கத்தப் பழகிய தொண்டையும் கேன்டீனில் வீணாகாது.

இதன் அருமை சட்டம் படித்தவர்களுக்குத்தான் தெரியும். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு மாணவர் தேர்தலுக்கு வகுத்த விதிகளை, 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதன்படி பிரசாரத்துக்கு ஒலிபெருக்கி கூடாது. வாகனம் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது. கையால் எழுதியது மட்டும், அதுவும் ஒதுக்கிய இடத்தில் மட்டும். இந்த விதி ஏற்படுத்தும் மனவேதனையை யாரும் ஆராயவில்லை. தன் அக்கா மகளின் காதுகுத்துக்கு ஆளுயர ஃபிளெக்ஸில் கூலிங்கிளாஸோடு சிரித்தவன், தன் சொந்தத் தேர்தலுக்குச் சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுத வேண்டும். கையெழுத்து நன்றாக உள்ள நண்பனின் மவுசு அந்த வாரத்தில் வேட்பாளனின் மவுசை மிஞ்சிவிடுகிறது.

விலங்குகளையும் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது குழு. யானையை நினைத்து எழுதியிருப்பார்கள். ஆனால் ஒரு கல்லூரியில் நாம் கண்டது வேறு. கேன்டீன் வாசலில் கிடக்கும் செவலை நாய்க்கு ஒரு வேட்பாளன் தினமும் பாதி பன் போட்டுவந்தான். வகுப்பு வகுப்பாக அவன் வாக்குக் கேட்டுப் போனபோது நாயும் பின்னாலேயே போய், ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்து, அவன் பேசி முடித்ததும் எழுந்தது. நாய் பிரசாரம் செய்ததா, உடன் வந்ததா? எதிரணி புகார் கொடுத்தது. தேர்தல் அலுவலரான பேராசிரியர் நாயை நேரில் பார்வையிட்டுவிட்டு, நடவடிக்கை ஏதும் எடுக்காமல் திரும்பினார்.

செலவு வரம்பு 5,000 ரூபாய். முடிவு வந்து இரண்டு வாரத்துக்குள் கணக்கு காட்ட வேண்டும். ஆண் வேட்பாளர்களின் கணக்கில் சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, குண்டூசி எல்லாம் வரும், டீ வராது. தேர்தல் முழுக்க டீயில்தான் நடந்தது என்பதை ஊரே அறியும். பெண் வேட்பாளர்கள் டீ வாங்கித் தருவதில்லை, நோட்ஸ் தருகிறார்கள். ஜெராக்ஸ் கடையில் ரசீது உண்டு. எனவே அவர்கள் கணக்கு மட்டும் நேராக நிற்கிறது.

எல்லாவற்றையும்விடக் கொடிய விதி, தேர்தலில் நிற்கும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது என்பது. கூடவே 75 சதவீத வருகை வேறு. வகுப்பில் உட்காராமல் மரத்தடியில் உட்கார்ந்ததால்தான் ஒருவனைக் கல்லூரி முழுக்கத் தெரியும். அரியர் இல்லாதவனுக்குச் செல்வாக்கு இல்லை, செல்வாக்கு உள்ளவனுக்கு அரியர் உண்டு. இதைக் கோவளம் விதி என்று அழைக்கப் பரிந்துரைக்கிறேன்.

தகுதி பார்க்கும் இந்த வழக்கம் வடக்கிலிருந்து வந்ததல்ல. பழைய செங்கல்பட்டு மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் குடவோலை விதிகளைக் கல்லிலேயே வெட்டிவிட்டார்கள். ஊரில் முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள்; பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனை எடுக்கச் சொல்வார்கள், வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். இரண்டாம் கல்வெட்டின்படி வயது 35 முதல் 70 வரை. லிங்டோவில் இளங்கலைக்கு 22, ஆய்வு மாணவருக்கு 28. ஆக 29-லிருந்து 34 வரை உள்ள தமிழனுக்கு இரண்டு யுகத்திலும் இடமில்லை. அந்த வயதில் அவன் பெண் பார்த்துக்கொண்டிருப்பான் என்பதை இரு தரப்பும் உணர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் உத்திரமேரூரின் உண்மையான கூர்மை கணக்கில் இருக்கிறது. வாரியம் எனப்பட்ட ஊர்க் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய சித்தி பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், மருமகன் வரை எவர் பெயரும் குடத்தில் விழக் கூடாது. இதை இன்றைய கல்லூரியில் அமல்படுத்தினால் என்ன ஆகும்? அங்கே எவனும் எவனையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோரும் எல்லோருக்கும் மச்சான், மாப்ள, மாமா. ஒரே ஒருவன் டீக்கணக்கை மறைத்தால் மொத்த ஆண்கள் விடுதியும் தகுதி இழக்கும்.

இத்தனை விதியையும் தாண்டித் தேர்தல் நடக்கிறதா என்றால், பல கல்லூரிகளில் நடப்பதில்லை. துறைத் தலைவர் இரண்டு பேரைக் கைகாட்டுவார், அவர்கள் செயலர்கள். அமைதியாகத் தேர்தல் நடத்த முடியாத இடத்தில் நியமனம் இருக்கலாம் என்று லிங்டோ குழுவும் சொல்லியிருக்கிறது. ஆனால் அது இடைக்கால ஏற்பாடு, ஐந்தாண்டுக்குள் தேர்தலுக்கு மாறிவிட வேண்டும் என்றது. ஐந்தாண்டு 2011-லேயே முடிந்தது. நம்மூர் இடைக்காலத்தை அக்குழு குறைத்து மதிப்பிட்டுவிட்டது.

தேர்தல் நடக்கும் கல்லூரியில் படிக்கும் வாக்காளப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். டீயை மறுக்க வேண்டாம். குடித்து முடித்ததும் கடைக்காரரிடம் அது யார் கணக்கில் ஏறியது என்று மட்டும் கேட்டுவிடுங்கள். உங்கள் கணக்கிலும் ஏறியிருக்கலாம்.